மூன்றாவது தெருவில் குளோரின் காணாமல் போகிறது

எங்கள் குடியிருப்பு அழகர்கோவில் சாலையை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. 42 வீடு, மூன்று தெரு, பூங்கா என்ற பெயரில் ஒரு காலியிடம், அதன் மூலையில் ஒரு போர்வெல், பக்கத்திலேயே 20,000 லிட்டர் கான்கிரீட் மேல்தொட்டி. ஆற்றுத் தண்ணீர்க் குழாய் இன்னும் எங்கள் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. வைகைத் தண்ணீரைச் சித்திரையில் அழகர் இறங்கும்போது பார்ப்பதோடு சரி. சங்கத்துக்கு நான் பொருளாளர். தொழில் மோட்டார் ரீவைண்டிங். மோட்டார் கெட்டால் சத்தத்திலேயே சொல்லிவிடுவேன். தண்ணீர் கெட்டால் எனக்கு ஒன்றும் தெரியாது என்பது போன ஐப்பசியில்தான் தெரிந்தது.

மூன்று நாள் விடாத மழை. நான்காம் நாள் கடைசித் தெருவில் ஒரு குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. அந்த வாரம் முடிவதற்குள் ஆறு வீடு. எதிர்வீட்டு டீச்சரம்மா வந்து, "அண்ணே, தண்ணியா இருக்குமோ?" என்றார். நான் பெரிய மனுஷன் மாதிரி டி.டி.எஸ். மீட்டரை எடுத்து டம்ளருக்குள் விட்டேன். 870. கோடையிலும் கிட்டத்தட்ட அதேதான். "தண்ணி எப்பவும்போலத்தாம்மா இருக்கு" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

டி.டி.எஸ். மீட்டர் பார்ப்பது கரைந்திருக்கும் உப்பை மட்டும்தான். தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு கடக்கிறது என்று அளந்து, அதை உப்புக் கணக்காக மாற்றிக் காட்டுகிறது. கிருமி ஒன்றிருந்தாலும் கோடி இருந்தாலும் அதற்கு ஒன்றுதான். சாக்கடைத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டாலும் எண் பெரிதாக நகராது. ஆனால் நம் ஊரில் ஆர்.ஓ. விற்க வருகிறவர்கள் அந்தப் பேனாவைத்தான் நீதிபதி மாதிரி நீட்டுகிறார்கள். இன்னொரு வித்தையும் உண்டு: இரண்டு கம்பியைத் தண்ணீருக்குள் விட்டு கரண்ட் கொடுப்பார்கள், தண்ணீர் செங்காவி நிறமாகி நுரைக்கும். அது தண்ணீரின் அழுக்கு இல்லை, அந்த இரும்புக் கம்பியே கரைந்து துருவாகிறது. ஆர்.ஓ. தண்ணீரில் அப்படி வராததற்குக் காரணம், உப்பு குறைந்ததால் மின்சாரம் கடக்காததுதான். இது நான் தொழில்முறையில் உறுதியாகச் சொல்லக்கூடிய விஷயம்.

சொல்லப்போனால், படுத்த ஆறு வீட்டில் இரண்டு வீட்டில் ஆர்.ஓ. இருந்தது. பல் விளக்குவதும் காய் கழுவுவதும் குழாய்த் தண்ணீரில்தானே.

ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர் உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலங்களைக் கொடுத்துவிட்டு, "தண்ணிய டெஸ்ட் பண்ணீங்களா?" என்று கேட்டார். அதுவரை எல்லாரும் கொதிக்க வைத்தே குடிக்கச் சொன்னார். கொதி என்றால் தளதளவென்று குமிழ் புரள வேண்டும், அப்படி ஒரு நிமிடம் போதும். பாதிப் பேர் கை பொறுக்கும் சூட்டில் இறக்கிவிட்டுக் "கொதிக்க வெச்சோம்" என்றார்கள்.

பக்கத்துக் கிராமத்தில் ஜல் ஜீவன் திட்டத்தில் தண்ணீர் சோதிக்கப் பயிற்சி எடுத்த அக்கா ஒருவர் இருக்கிறார். ஒவ்வொரு கிராமத்திலும் ஐந்து பெண்களுக்கு இந்தப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்பது அந்தத் திட்டத்திலேயே உண்டு. அக்காவிடம் எச்.டூ.எஸ். பாட்டில் இருந்தது. உள்ளங்கைக்குள் அடங்கும் குப்பி. கோடு வரை தண்ணீர் ஊற்றி, மூடி, 30 முதல் 37 டிகிரி சூட்டில் ஒன்றிரண்டு நாள் வைக்க வேண்டும். மலக்கழிவோடு வரும் கிருமிகள் உள்ளே இருந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை உண்டாக்கும், அது அங்கே இருக்கும் இரும்பு உப்போடு சேர்ந்து கறுத்துவிடும். "மதுரைக்கு எதுக்குக்கா இன்குபேட்டர்?" என்றேன். "ஐப்பசி ராத்திரில குளிரும்ப்பா, இன்வெர்ட்டர் மேல வை" என்றார். வைத்தேன்.

மாதிரி எடுப்பதிலும் அக்கா கறார். குழாயில் மாட்டியிருந்த ரப்பர் டியூபைக் கழற்றச் சொன்னார், வாயைத் தீப்பெட்டி வைத்துச் சுடச் சொன்னார், இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டார். மூடியின் உள்பக்கத்தில் விரல் பட்டதற்கு ஒரு குப்பியைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டார். நான்கு இடம்: போர் வாய், தொட்டியின் வெளிக்குழாய், முதல் தெரு, மூன்றாவது தெருவின் கடைசி வீடு.

மறுநாள் காலையிலேயே மூன்றாவது தெருக் குப்பி மசி மாதிரி இருந்தது. சாயங்காலத்துக்குள் மற்ற மூன்றும் கறுத்துவிட்டன. மூன்றாவது தெரு முந்திக்கொண்டதை நோட்டில் குறித்தேனே ஒழிய, ஏன் என்று யோசிக்கவில்லை. போர் வாயிலேயே கறுத்திருக்கிறதே, வியாதி அங்கேதான் என்று அங்கே ஓடிவிட்டேன். ஒன்று சொல்ல வேண்டும்: சில ஊர் நிலத்தடி நீரில் இயற்கையாகவே சல்பைடு இருக்கும், அங்கே இந்தக் குப்பி பொய்யாகவும் கறுக்கும். எங்கள் தண்ணீரில் அழுகிய முட்டை வாடை எப்போதும் இருந்ததில்லை. வீடு வீடாகப் பிள்ளைகள் வேறு படுத்திருக்க, குப்பியை நம்பாமலிருக்க ஒரு காரணமும் இல்லை.

போர் வாயைப் பார்க்கக் குழியின் கான்கிரீட் மூடியைத் தூக்கினோம். போர் வாய் ஏன் குழிக்குள் இருக்கிறது என்றால், ஆறு வருஷத்துக்கு முன்னால் பூங்காவில் குழாய் நீட்டிக்கொண்டிருப்பது அசிங்கமாக இருக்கிறது, பிள்ளைகள் இடித்துக்கொள்கிறார்கள் என்று ஒரு பேச்சு வந்தது. கேசிங்கை, அதாவது போரின் மேல்பகுதி மண் சரியாமலிருக்க இறக்கும் உறைக்குழாயை, தரைக்குக் கீழே வெட்டி, மூன்றடிக் குழி கட்டி மூடச் சொன்னவன் நான்தான்.

குழிக்குள் முழங்கால் அளவு தண்ணீர். இறைத்தபின் பார்த்தால், குழித் தரையிலிருந்து ஒரு சாணுக்குக் கொஞ்சம் மேலே கேசிங் வாய். அதன்மேல் கிளாம்ப், நடுவில் தண்ணீர் மேலேறும் எச்.டி.பி.இ. பிளாஸ்டிக் குழாய், சுற்றிலும் இரண்டு விரல் இடைவெளி. அந்த இடைவெளியில் ஒரு பழைய வேட்டித் துணி திணிக்கப்பட்டிருந்தது. எடுத்தேன். நீலச் சாயம் போன கரை தெரிந்தது. மீதியெல்லாம் கறுத்து, கூழாகி, கையோடு வந்தது. உள்ளே எறும்புப் புற்று மண், ஒரு ஷாம்பு கவர், வால் இல்லாத ஒரு பல்லி. கேசிங்கின் உள்சுவரில் டார்ச் அடித்தால் தண்ணீர் வழிந்த தடம் கோடு கோடாக இறங்கியது. தெருவில் நிற்கும் மழைத் தண்ணீர், அதில் கலந்த சமையலறைக் கழிவு, எல்லாம் குழிக்குள் வந்து, வேட்டியில் வடிகட்டி, 420 அடிப் போருக்குள் நேராக இறங்கியிருக்கிறது.

பிளம்பர் தம்பி எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணே, இது போர் இல்ல, புனல்" என்றான்.

வேலையைச் சொல்கிறேன். மோட்டார் எடுக்கும் வண்டியை வரவழைத்து 300 அடிக் குழாயையும் மோட்டாரையும் வெளியே எடுத்தோம். குழாய் முதல் தெரு நெடுகக் கிடந்தது. போகிறவர் வருகிறவர் எல்லாம் தாண்டித் தாண்டிப் போனார்கள். கேசிங்கைச் சுற்றி நாலடி தோண்டினோம். நம் பக்கம் மேல்மண்ணும் மக்கிய பாறையும் இருக்கும் ஆழம் வரைதான் கேசிங், அதற்குக் கீழே வெறும் பாறைத் துளை. கேசிங்குக்கு வெளியே இருக்கும் இடைவெளியை, போர் போட்டவர்கள் தோண்டிய மண்ணை வைத்தே மூடிவிட்டுப் போயிருந்தார்கள். குச்சியை விட்டால் சரசரவென்று இறங்கியது. அந்த இடைவெளியில் சிமென்ட் பால் ஊற்றினோம், அது குடித்துக்கொண்டே இருந்தது. ஒரு மூட்டைக்குக் கணக்குப் போட்டு இரண்டரை மூட்டை போனது.

அப்புறம் கப்ளிங் போட்டு 7 அங்குல கேசிங் குழாய் நாலடி ஏற்றினோம்: தரை மட்டத்துக்கு இரண்டடி, அதற்கு மேலே இரண்டடி. குழிச் சுவரை இடித்து, மணலுக்குப் பதில் களிமண்ணைப் போட்டுத் திமிசு கட்டையால் இடித்து நிரப்பினோம். மணல் போட்டால் தண்ணீருக்கு வழி விட்டது போலாகும். மேலே நாலுக்கு நாலு சிமென்ட் மேடை, நாலு பக்கமும் வெளியே வாட்டம். கொத்தனார் மட்டமாகப் போட்டுவிட்டு "நல்லாருக்குல்ல?" என்றார். ஈரம் காயுமுன் மறுபடி வழிக்க வைத்தேன். வாய்க்கு ரப்பர் வாஷரோடு போல்ட் போட்டு இறுக்கும் மூடி. கேபிள் நுழையும் இடத்தில் சந்து விடாமல் இறுக்கும் கிளாண்ட். காற்றுக்கு ஒரு சின்னக் குழாய், வாய் கீழ்நோக்கி வளைத்து, கொசுவலை கட்டியது. காற்றுக்குழாய் வேண்டாம் என்று சிலர் சொன்னார்கள். மோட்டார் ஓடும்போது உள்ளே நீர்மட்டம் இறங்கும், அந்த இடத்துக்குக் காற்று வந்தே ஆக வேண்டும். வழி வைக்காவிட்டால் எந்தச் சந்து கிடைக்கிறதோ அதன் வழியே அழுக்கோடு உறிஞ்சும்.

போரைக் கழுவுவதற்குக் கணக்கு எளிது. ஆறரை அங்குலப் போரில் ஓர் அடிக்கு ஏறக்குறைய ஆறரை லிட்டர். இந்த ஒற்றுமையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கால்குலேட்டர் வேண்டாம். எங்கள் போரில் நீர்மட்டம் 90 அடியில். மீதி 330 அடி, சுமார் 2,150 லிட்டர். லிட்டருக்கு 100 மில்லிகிராம் குளோரின் வேண்டும் என்றால் 215 கிராம் குளோரின். புது பிளீச்சிங் பவுடரில் 30 சதவீதம் போலத்தான் குளோரின் என்பதால் 720 கிராம் பவுடர், முக்கால் கிலோ என்று வைத்துக்கொண்டோம். பிளாஸ்டிக் வாளியில் கரைத்துச் சுண்ணாம்பு அடியில் தங்கும்வரை விட்டு, தெளிவை மட்டும் ஊற்றினோம். கசடை உள்ளே விட்டால் பாறை வெடிப்பில் போய் அடைத்துக்கொள்ளும். மூக்கில் துணி, கண்ணுக்குக் கண்ணாடி, காற்று அடித்துக்கொண்டு போகும் பக்கம் நிற்கக் கூடாது. முக்கியமாக, அந்த வாளியில் கக்கூஸ் கழுவும் ஆசிட் ஒரு சொட்டுகூட இருந்திருக்கக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் விஷ வாயு.

மோட்டாரை இறக்கி, வெளிக்குழாயில் ஒரு ஹோஸ் மாட்டி, தண்ணீரைத் திரும்பப் போருக்குள்ளேயே விட்டுக் கேசிங் சுவரைச் சுற்றிலும் அடித்தோம். வெளியே வரும் தண்ணீரில் குளோரின் வாடை அடிக்கும்வரை இது. பிறகு ஒரு ராத்திரி முழுக்க அப்படியே. காலையில் வாடை போகும்வரை மூன்று மணி நேரம் வெளியே ஓடவிட்டோம், காலி மனைக்கு. கண்மாய்ப் பக்கம் திருப்பலாமே என்றார்கள். இந்தக் காரத்துக்கு மீன் மிதந்துவிடும்.

வாட்ஸாப்பில் முதல் நாளே எழுதியும், முதல் தெருவில் ஒரு பையன் மீன்தொட்டிக்கு அன்றைக்குப் பார்த்துத் தண்ணீர் மாற்றப் போனான். நல்லவேளை, குழாய் வால்வை மூடி வைத்திருந்தோம்.

மேல்தொட்டி வேலை அலுப்பானது. சுருக்கமாக: காலி செய்து, இரண்டு பேர் சேர்ந்து, மேலே ஒருவர் கயிற்றைப் பிடித்து நிற்க, தென்னை நார்ப் பிரஷால் தேய்த்து, கழுவி வெளியே தள்ளினோம். அடியில் இரண்டு அங்குலச் சேறு. வழிந்தோடும் குழாயின் வாயில் வலை இல்லை, புறா இறகு இருந்தது. வலை கட்டினோம்.

இனி தினசரி குளோரின். ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் பவுடர் என்பது நம் பக்கம் எல்லா ஊராட்சித் தொட்டிக்காரர்களுக்கும் தெரிந்த அளவு. லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் போல வரும். எங்கள் தொட்டிக்கு 80 கிராம். கலந்து அரை மணி நேரம் பொறுத்துத் திறக்க வேண்டும். கடைசிக் குழாயில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் நிற்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். நிற்கிறதா என்று பார்க்கச் சொட்டு மருந்து விட்டு மஞ்சள் நிறம் வருகிறதா என்று பார்க்கும் குளோரோஸ்கோப் ஒன்றை வாங்கினேன்.

முதல் நாள் மோட்டார் ரூமில் ஏற்கெனவே இருந்த மூட்டையில் 80 கிராம். தொட்டியிலேயே பூஜ்யம். நிறமே வரவில்லை. வாய் கட்டாமல் போன கோடை முழுவதும் தகரக் கூரைக்குக் கீழே கிடந்த மூட்டை அது. குளோரின் பறந்துபோய் வெறும் சுண்ணாம்பு மிச்சம். ஆறு மாதமாக வாட்ச்மேன் அண்ணன் ஒழுங்காகத் தினமும் போட்டது அந்தச் சுண்ணாம்பைத்தான். அவர்மேல் குற்றமில்லை, வாங்கிப் போட்டு மறந்தது சங்கம்.

புது மூட்டை, மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா, மறுபடி 80 கிராம். தொட்டியில் 0.5. முதல் தெருவில் 0.5. இரண்டாவது தெருவில் 0.4. மூன்றாவது தெருக் கடைசி வீட்டில் ஒன்றுமில்லை. குளோரோஸ்கோப் தவறோ என்று மூன்று முறை எடுத்தேன். அங்கே குப்பியும் வைத்தேன். மறுபடி கறுப்பு. மற்ற மூன்று குப்பியும் ஊற்றியபோது இருந்த நிறத்திலேயே நின்றன.

அன்றைக்கு ராத்திரி நோட்டைப் புரட்டும்போதுதான் முதல் வாரக் குறிப்பு கண்ணில் பட்டது: "மூன்றாவது தெரு முதலில்". குளோரின் சும்மா மறையாது. அழுக்கைக் கண்ட இடத்தில் செலவாகும். இரண்டாவது தெருவுக்கும் கடைசி வீட்டுக்கும் நடுவில் எங்கோ அதற்கு வேலை இருக்கிறது.

மறுநாள் மூன்றாவது தெருவில் வீடு வீடாகக் குளோரோஸ்கோப் டியூபில் தண்ணீர் பிடித்துக்கொண்டே போனேன். ஐந்தாவது வீடு வரை மஞ்சள் வந்தது. ஆறாவது வீட்டில் இல்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவே கழிவுநீர் வாய்க்கால் தெருவைக் குறுக்கே கடக்கிறது. பலகையைத் தூக்கினால், எங்கள் குடிநீர்க் குழாய் அந்த வாய்க்காலுக்குள்ளேயே, சாக்கடையில் பாதி முங்கியபடி போகிறது. நடுவில் ஒரு ஜாயின்ட், அதன்மேல் சைக்கிள் டியூப் சுற்றிய கட்டு. தண்ணீர் விடும் நேரத்தில் லேசாகக் கசியும், யாருக்கும் தெரியாது. காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம்தான் திறப்போம். மூடியதும் குழாய் காலியாகும், உள்ளே வெற்றிடம் விழும், அந்தச் சைக்கிள் டியூப் வழியாக வாய்க்காலை உறிஞ்சும். மறுநாள் காலை முதல் குடத்தில் அதுதான் வரும். அந்த வரிசையில்தான் முதல் குழந்தை படுத்தது.

வாய்க்காலுக்கு மேலாகக் குழாயைத் தூக்கி, ஜாயின்ட் இல்லாத ஒற்றைத் துண்டாக, ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய் உறைக்குள் விட்டு மாற்ற அரை நாள்கூட ஆகவில்லை. கடைசி வீட்டில் அன்று மாலை 0.3. அந்த வீட்டு அப்பத்தா வாயில் வைத்துப் பார்த்து, "என்னப்பா, ஆஸ்பத்திரி வாடை அடிக்குது" என்றார். குடத்தில் பிடித்து மூடாமல் கொஞ்ச நேரம் வைத்தால் வாடை போய்விடும் என்றேன். "அப்ப சரி."

மொத்தச் செலவு 18,900 ரூபாய், வீட்டுக்கு 450. இதில் பாதி மோட்டார் எடுத்து இறக்கிய வண்டிக்கு.

பிறகு முறைப்படி குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்துக்கும் மாதிரி கொடுத்தோம். கிருமிச் சோதனைக்குக் கண்ட பாட்டில் ஆகாது. கிருமி நீக்கிய பாட்டிலில், குளோரினை முறிக்கும் மருந்து போட்டது வேண்டும். இல்லாவிட்டால் போகிற வழியில் குளோரின் வேலையைத் தொடர்ந்து, முடிவு நல்லதாகவே வந்துவிடும். ஐஸ் வைத்து அன்றைக்கே சேர்த்தோம். மலக்கழிவு கலந்ததைக் காட்டிக்கொடுக்கும் கோலிஃபார்ம் கிருமி இல்லை. ஃபுளோரைடு லிட்டருக்கு 1.1 மில்லிகிராம், ஒன்றுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லை என்றால் 1.5 வரை. பாறை நாட்டில் இது எதிர்பார்த்ததுதான்.

இடித்தது நைட்ரேட். 39. எல்லை 45, அதற்கு மேல் சலுகை கிடையாது. குளோரினுக்கு நைட்ரேட் அசையாது, கொதிக்க வைத்தால் தண்ணீர் சுண்டி இன்னும் கூடும். சுற்றிலும் வயல் இல்லாத இடத்தில் நைட்ரேட் ஏறினால் முதல் சந்தேகம் செப்டிக் டேங்க்தான். பிளம்பர் தம்பியும் நானும் டேப்பைப் பிடித்து அளந்தோம். போருக்கும் செப்டிக் டேங்குக்கும் 50 அடியாவது இருக்க வேண்டும். பக்கத்தில் இருப்பது 34 அடியில். அடியில் தளம் போடாத, உறிஞ்சு குழி வகை. "யார் வீடுண்ணே இது?" என்று கேட்டுவிட்டு, அவனே கேட்டைப் பார்த்துச் சிரித்தான். சங்கத் தலைவர் வீடு. அடுத்த ஞாயிறு கூட்டம். நிகழ்ச்சி நிரலில் "போர்வெல் வரவு-செலவு" என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.